ஆணி அடிக்கக் கூடாத வீடு

அந்த வீட்டை ஊரில் சிலர் இன்றைக்கும் அரண்மனை என்கிறார்கள். அவர்கள் யாரும் அதில் பிள்ளையை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் இல்லை. நான் படுத்திருக்கிறேன்.

சிவகாசியில் நகராட்சிப் பூங்காவுக்கு நேரெதிரே இருந்தது அது. என் வீட்டுக்காரருடைய முதலாளியின் தாத்தா பருத்தி வியாபாரத்தில் கொழித்தபோது கட்டியது. கருங்கல் தூண். ஒற்றை ஆள் தள்ளித் திறக்க முடியாத கதவு. கீழே சரக்கு அடைக்கிற நீளமான கிட்டங்கி, மேலே தேக்குப் பலகை பாவிய மச்சு. மச்சில் ஒரு காலத்தில் பருத்திப் பொதி அடுக்கி வைத்திருந்தார்களாம். அறுபதுகளின் தொடக்கத்தில் முதலாளி அந்த மச்சைத் தடுத்து, பலகைக்கு மேல் சுண்ணாம்பு கெட்டித்து, சிவப்புத் தரை போட்டு, குடியிருக்கிற வீடாக மாற்றினார். சுவருக்கு நீல டிஸ்டெம்பர், ஜன்னலுக்குப் பச்சைப் பெயிண்ட். மொட்டைமாடியில் சிமெண்டுத் தொட்டி கட்டி, தண்ணீர் வண்டிக்காரரை விட்டு நிரப்பச் சொல்லி, மாடியிலேயே குழாய் வைத்துக் குளிக்கிற அறை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. அந்த ஊரில் அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று குடத்தோடு அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதலாளிக்கு ஊருக்குள் லேபிள் அச்சடிக்கிற பிரஸ் இருந்தது. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு கம்பெனியும் இருந்தது. என் வீட்டுக்காரர் அந்தப் பிரஸ்ஸில் கிளார்க். நாங்கள் ஒரு சந்துக்குள் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தோம். நான் மாசமாக இருந்தேன். அப்போதுதான் முதலாளியே கூப்பிட்டு, "என் மாடிக்கு வந்துருங்கலே" என்றார். நாங்கள் கேட்கவே இல்லை. கேட்காமல் ஒருவன் கொடுத்தால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். குழாயைப் பார்த்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி மழுங்கிவிட்டது.

குடிபோன அன்றைக்கு முதலாளியின் கணக்கப்பிள்ளை வந்தார். ஒல்லியான மனிதர். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

"தாயி, புதுச் சுவரு. ஆணி கீணி அடிச்சுறாதீக. உரலு உலக்கையெல்லாம் மேல வேண்டாம், பலகை பளசு, அதிரும்."

"சரிங்க."

"அடுப்பும் மேல வேண்டாம். பின்னால கொட்டகை போட்டிருக்கு, அங்கன சமைச்சு மேல கொண்டாந்துருங்க. பெயிண்டு கறுத்துரும் பாருங்க. லாடம் அடிச்ச செருப்போட நடை ஏறாதீக. கால்ல மண்ணு இருந்தாத் தட்டிட்டு, இந்தா இந்த ஈரச் சாக்குல மிதிச்சுட்டு வாங்க. வாசல்ல வெளக்குக் கிளக்கு வேண்டாம். அதான் மேல கரண்டு லைட்டு இருக்குல்ல?"

கீழே கிட்டங்கியில் கரண்டு இல்லை. அதன் கதவு எப்போதும் பூட்டிக் கிடந்தது. உள்ளே கல்யாணப் பாத்திரம், பழைய சாமான் இருப்பதாகச் சொன்னார்கள். தன் கிட்டங்கிக்கே இல்லாத வெளிச்சத்தை எங்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாரே என்று நான் முதலாளியை வாழ்த்தினேன். நான் மல்லாங்கிணற்றுக்காரி. கம்பும் பருத்தியும் விதைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற குடும்பம். பட்டாசைத் தீபாவளியில் பார்த்ததோடு சரி. அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்று எனக்கு என்ன தெரியும்?

இன்னொன்றும் கணக்கப்பிள்ளை சொன்னார். "துணியைப் பின்னால போடாதீக தாயி. முன்னால ஜன்னல்ல காயப் போடுங்க, வெயிலு நல்லா விளும். வாசல்ல கோலம் பெருசாப் போடுங்க. வீடு வெளங்கும்." எந்த வீட்டுச் சொந்தக்காரனாவது தெருவைப் பார்த்துத் துணி காயப்போடு என்று சொல்வானா? எனக்கு அது தோன்றவில்லை. நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன்.

பிரசவத்துக்கு மல்லாங்கிணறு போனேன். பெண் பிள்ளை பிறந்தது. அங்கே இருக்கும்போது என் வீட்டுக்காரர் வரும்போதெல்லாம், "மொதலாளி கேக்காக, பிள்ளையும் தாயும் எப்ப வாராகன்னு" என்பார். தீபாவளி சீசன் நெருங்க நெருங்க அவர் தினமும் கேட்டாராம். "வீடு சும்மா கெடந்தா நல்லாவா இருக்கு?" என்றாராம். என் அப்பாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. இப்படியொரு முதலாளி யாருக்குக் கிடைப்பான் என்று தெருவெல்லாம் சொன்னார். பிள்ளை குப்புற விழத் தொடங்கியதும் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்கள் அவை. பிள்ளையின் துணி காயவே காயாது. பூங்காவில் சாயங்காலம் நகராட்சி ரேடியோ பாடும். ஜன்னலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்பேன். அந்தச் சந்தோஷத்தை நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் மாட்டு வண்டிகள் வந்து வாசலில் நின்றன. மேலே வைக்கோல். கணக்கப்பிள்ளை கிட்டங்கியைத் திறந்துவிட்டார். ஆட்கள் செருப்பில்லாமல், ஒருவரோடு ஒருவர் பேசாமல், எதையும் தொம்மென்று வைக்காமல் இறக்கினார்கள். நான் மேலிருந்து, "என்னங்க, வீட்ல விசேசமா?" என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "ஆமா தாயி, பாத்திரம் வருது" என்றார். பாத்திரம் என்றால் சத்தம் வருமே என்றுகூட நான் யோசிக்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் என் நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. எம். புதுப்பட்டியில் இருந்தாள், அங்கே ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. வாய் சும்மா இருக்காது. நடையில் நின்று ஈரச் சாக்கைப் பார்த்தவள், மேலே வந்ததும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"மதினி, இதென்ன வீடா, கம்பெனியா? எங்க மருந்து ரூம் வாசல்லயும் இப்படித்தான் சாக்கை நனைச்சுப் போட்டிருக்கும்."

"பெயிண்டு அளுக்காகாம இருக்கட்டும்னு போட்டிருக்காகடி. உரலு வைக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, லாடச் செருப்புக் கூடாது. ரொம்பச் சுத்தம்."

"அய்யோ, அப்படியே எங்க போர்மேன் பேசுத மாதிரியே இருக்கு! தட்டாத, தேய்க்காத, இரும்பத் தொடாத. இந்த வீட்டுக்கு யாரு போர்மேன்? நீங்களா, எங்கண்ணனா?"

"உங்கண்ணன் எங்க? நாந்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான், "ஏன்டி, சீசன்ல வேலைக்குப் போகாம இங்க என்ன பண்றே?" என்று கேட்டேன்.

"ஆபீசர் வாராகளாம் மதினி, பரிசோதனைக்கு. லைசென்சுக்கு மேல ஆளு இருக்கக்கூடாதுல்ல, அதான் எங்களையெல்லாம் போங்கன்னுட்டாக. எல்லாக் கம்பெனியிலயும் இதான் கூத்து. மிஞ்சுன ஆளு வீட்டுக்கு, மிஞ்சுன சரக்கு ஊருக்குள்ள."

"ஊருக்குள்ள எங்க?"

"யாரு கண்டா? வண்டியில ஏத்தி மேல வைக்கலப் போட்டு மூடிக் கொண்டுபோயிருவாக. ஆபீசர் போனதும் திரும்பி வரும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நேற்று வந்த வண்டியும் வைக்கோலும் கண்ணுக்கு முன்னால் நின்றன. அடுப்பு கூடாது, விளக்கு கூடாது, தட்டக் கூடாது என்று கணக்கப்பிள்ளை சிரித்துச் சிரித்துச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. எதுவும் பெயிண்டுக்காகச் சொன்னதில்லை. இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை அழுதது. துணியை நனைத்திருந்தது.

குளியலறைச் சுவரை ஒட்டிய மூலையில் பாயில் படுக்க வைத்திருந்தேன். நாத்தனார் போய்ப் பிள்ளையைப் புரட்டி, ஈரத் துணியை உருவினாள். தரையில் கை வைத்தவள் அப்படியே இருந்தாள்.

"மதினி, கீள அடுப்பு எரியுதா?"

"இல்லடி. அந்த மூலை காலையில இருந்து வெதுவெதுன்னு இருக்கு. மத்த எடமெல்லாம் சில்லுன்னு இருக்குன்னுதான் அங்கன போட்டேன்."

அவள் பாயை விலக்கிவிட்டு இரண்டு கையையும் தரையில் வைத்தாள். பிறகு குளியலறையை எட்டிப் பார்த்தாள். "இந்தத் தண்ணி எங்க போகுது?"

"சுவரு வழியாக் கீள போகுது. குழாய்."

"கீள என்ன இருக்கு?"

சொன்னேன். வண்டி வந்ததைச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று. அவ்வளவு பேசுகிறவள், குரலே இல்லாமல் சொன்னாள்: "கலந்த மருந்து நனைஞ்சா தானாச் சுடும் மதினி. மொதல்ல சுடும், பெறகு பொகையும். அதுக்குப் பெறகு நாம இருக்க மாட்டோம். பிள்ளையத் தூக்குங்க."

நான் பிள்ளையைச் சுடுகிற தரையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறேன். நல்ல இடம் என்று வைத்திருக்கிறேன். அந்தக் கணத்தில் எனக்குள் என்ன ஆயிற்று என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவள்தான் பிள்ளையை அள்ளி என் தோளில் போட்டு என்னைத் தள்ளினாள்.

மாடியிலிருந்து இறங்க ஒரே படிக்கட்டு. அது கிட்டங்கிக் கதவை உரசிக்கொண்டுதான் இறங்கும். நான் ஓடப் போனேன். "ஓடாதீக, அதிராம எறங்குங்க," என்று பின்னாலிருந்து சொன்னாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகைச் சத்தத்துக்கே வெடித்துவிடுமோ என்று அதன் வாயை என் மார்பில் வைத்து அமுக்கினேன். கதவுக்குப் பக்கத்தில் வரும்போது மூக்கில் ஏறியது ஒரு நாற்றம். அடுப்பில் பழைய ஆணியைப் போட்டுச் சுட்டமாதிரி. அந்தக் கதவைத் தாண்டுகிற வரை நான் மூச்சு விடவில்லை. தெருவுக்கு வந்ததும் எதிரே தெரிந்தது பூங்காதான். தூறலில் நனைந்துகொண்டே உள்ளே போய், கடைசி மூலையில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். நாத்தனார் அண்ணனைக் கூட்டிவர பிரஸ்ஸுக்கு ஓடினாள்.

மழையில் பச்சைப் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள். பூங்காவில் புல் வெட்டுகிறவர் சாக்கை மடக்கிப் பிள்ளை தலைக்கு மேல் பிடித்தார். "புருசங்கூடச் சண்டையாம்மா?" என்றார் ஒரு அம்மா. "வீட்டுக்குப் போங்கம்மா, பிள்ளைக்குச் சளி பிடிச்சுரும்" என்றார் இன்னொருவர். நான் வீட்டைக் காட்டினேன். "அதுக்குள்ள பட்டாசு மருந்து இருக்கு. சுடுது. பக்கத்துல போகாதீக" என்றேன். நம்பினவர்கள் நகர்ந்தார்கள். நம்பாதவர்கள் சிரித்தார்கள்.

செய்தி எப்படிப் போயிற்றோ, முதலில் கணக்கப்பிள்ளைதான் வந்தார். அன்றைக்குத்தான் அவர் சிரிக்காமல் பார்த்தேன்.

"தாயி, சத்தம் போடாதீக. ஆபீசர் ஊர்லதான் இருக்காக. மேல போங்க. மொதலாளி மானம் போயிரும்."

"கீள என்ன இருக்கு, அதச் சொல்லுங்க."

"கொஞ்சம் சரக்கு. ரெண்டு நாள்ல எடுத்துருவோம். நீங்க எப்பவும்போல ஜன்னல்ல துணியக் காயப் போட்டுட்டு இருந்தாப் போதும். குடும்பம் இருக்குற வீட்டுக்குள்ள ஆபீசரு கால வைக்க மாட்டாக. அதுக்குத்தான தாயி இம்புட்டுச் செலவளிச்சுக் கட்டிக் கொடுத்திருக்கு?"

அந்த மனிதர் இதை மறைத்துச் சொல்லவில்லை. எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தே சொன்னார். நீல டிஸ்டெம்பரும் சிவப்புத் தரையும் குழாயும் எங்களுக்காக இல்லை. என் கோலத்துக்காக. ஜன்னலில் தொங்கும் என் பிள்ளையின் மூத்திரத் துணிக்காக. ஒரு பூட்டைப் போல எங்களை வாங்கிக் கதவில் மாட்டியிருக்கிறார்கள்.

"தரை சுடுதுய்யா!" என்று கத்தினேன். "குளிக்கிற தண்ணி உள்ள எறங்குது. போய்த் தொட்டுப் பாரு!" வயதானவரை ஒருமையில் கத்தினேன். கத்தியதில் எனக்கு வருத்தமில்லை.

தண்ணீர் என்றதும் அவர் முகம் மாறியது. வீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அசையவில்லை. முதலாளியைக் கேட்காமல் கதவைத் திறக்கிற தைரியம் அவருக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் வந்தார். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர், கணக்கப்பிள்ளையைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஏட்டி, எல்லாரும் பாக்காக. எந்திரி. மேல போய்ப் பேசிக்கிடலாம்."

"நான் வரமாட்டேன்."

"ஒண்ணும் ஆகாது. மொதலாளி தெரியாமலா வச்சிருப்பாக? நீ பயந்துக்கிட்டு என் வேலைக்கு ஒல வச்சுறாத. பிள்ளையக் குடு. நான் கொண்டுபோய் மேல உக்காந்து காட்டுதேன். பெறகாவது நம்புவியா?"

கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்து வந்த பயம், படிக்கட்டில்கூட எனக்கு வரவில்லை. மருந்தைக்கூட மன்னித்துவிடலாம், அதற்குப் புத்தி கிடையாது. என் பிள்ளையின் தகப்பன், முதலாளியை நம்பிப் பிள்ளையை அந்தத் தரைக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக நிற்கிறான். நான் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "தொட்டா கடிச்சுருவேன்" என்றேன். நிஜமாகவே கடித்திருப்பேன். அவர் பின்னாலேயே ஓடி வந்திருந்த நாத்தனார், அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, போகாத. சத்தியமாச் சொல்லுதேன், நான் பாத்திருக்கேன்ணே." அவர் அவளை உதறினார்.

அப்போது புல் வெட்டுகிறவர், "பொகை, பொகை" என்றார்.

கிட்டங்கியின் காற்றுத் துவாரத்திலிருந்து வெள்ளையாக வந்தது. மெதுவாக, நூல் மாதிரி. என் வீட்டுக்காரர் நீட்டிய கை அப்படியே நின்றது. கணக்கப்பிள்ளை ஓடினார். வெளியே இல்லை, உள்ளே ஓடினார். சாவி அவரிடம்தான் இருந்தது. தெருவில் நின்ற வண்டிக்காரர்கள் இரண்டு பேர் அவரோடு ஓடினார்கள். நான் பிள்ளையைக் கீழே போட்டு அதன்மேல் கவிழ்ந்துகொண்டேன். என் வயிற்றுக்கு அடியில் பிள்ளை உதைத்தது. காதைப் பொத்தவில்லை. கை இரண்டும் பிள்ளையின் தலையில் இருந்தது. இப்போது, இப்போது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வெடி வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மூன்று பேரும் ஒரு சாக்கு மூட்டையை நடுத்தெருவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு விலகி ஓடிக்கொண்டிருந்தார்கள். மூட்டை புகைந்தது. பிறகு புஸ்ஸென்று சீறி எரிந்தது. பார்க்க முடியாத வெள்ளை வெளிச்சம். மழைத் தண்ணீர் தேங்கிய தெரு முழுக்க வெள்ளையாயிற்று. பூங்காவில் நின்ற சின்னப் பிள்ளைகள் புஸ்வாணம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். கணக்கப்பிள்ளையின் முன்னங்கைத் தோல் வழன்று தொங்கியது. அவர் அதைப் பார்க்காமல், மீதியை வெளியே எடு, எடு என்று கத்திக்கொண்டிருந்தார். ஊர் பார்க்கப் பட்டப்பகலில் மீதிச் சரக்கை எடுத்தார்கள். வைக்கோல் போட்டு மூடக்கூட நேரமில்லை.

எங்கள் மூலைக்கு நேர் கீழே இருந்தது அந்த மூட்டை. இதை என் வீட்டுக்காரர் பிறகு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பலகை கரிந்திருந்ததாம். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். நான் இன்னும் பூங்காவில்தான் இருந்தேன். வெள்ளை வேட்டி நனையாமல் ஒருவன் குடை பிடித்தான்.

"தப்பு நடந்து போச்சு தாயி. குளாயில ஓட்டை. நாளைக்கே மாத்தச் சொல்லிட்டேன். இனி ஒரு சொட்டு எறங்காது. பிள்ளையோட மேல போங்க."

ஓட்டை குழாயில் என்று நினைக்கிறார். அவர் முகத்தில் துப்பியிருக்கலாம். பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் எங்களைக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். மாற்றுச் சேலைகூட இல்லாமல் மல்லாங்கிணறு போய் இறங்கினேன்.

என் வீட்டுக்காரர் சில நாள் கழித்துச் சாமான்களோடு வந்தார். வேலை போய்விட்டது. ஊரே பார்த்தும் முதலாளிமேல் கேஸ் ஒன்றும் வரவில்லை என்றார். வேறொரு சின்னப் பிரஸ்ஸில் சேர்ந்து, மறுபடியும் தகரக் கூரைக்குத்தான் போனோம். ராத்திரி தூக்கத்தில் எழுந்து தரையைத் தொட்டுப் பார்ப்பேன். மண் தரை, சில்லென்றுதான் இருக்கும். ஆனாலும் தொடுவேன். பிள்ளையைத் தரையில் விடாமல் என் மேலேயே போட்டுக்கொண்டு தூங்குவேன். அவள் நடக்கத் தாமதமானதற்கு அதுதான் காரணம் என்று என் அம்மா திட்டினாள். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. கை நீட்டியதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

அடுத்து வந்த பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டு அந்தத் தெரு வழியாக வந்தேன். ஜன்னலில் பிள்ளைத் துணி வரிசையாகக் காய்ந்தது. வாசலில் அகலமாகக் கோலம். நான் தெருவிலேயே நின்று, "யம்மா, யம்மா" என்று கூப்பிட்டேன். என்னைவிடச் சின்னவள் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு எட்டிப் பார்த்தாள்.

"கீள என்ன வைப்பாகன்னு தெரியுமா உனக்கு?"

"நீங்க முன்னால இருந்த அக்காவா?" என்றாள். பிறகு அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "தெரியும்க்கா" என்றாள். "சீசன்லதான வைப்பாக. இப்ப ஒண்ணும் இல்ல. குளாயெல்லாம் புதுசா மாத்திட்டாக."

"சீசன் வராமலா போயிரும்?"

"எங்க வீட்டுக்காரரு மொதலாளி பிரஸ்லதான்க்கா வேலை பாக்காக. நான் என்ன செய்ய?"

"பிள்ளைய எடுத்துக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போடி!"

"அம்மா இல்லக்கா" என்றாள்.

தெருவில் போகிறவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். அவள் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எதையாவது செய்ய வேண்டும், மேலே ஏறிப் போய் அவள் பிள்ளையையும் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்தப் படியில் கால் வைக்க என்னால் முடியவில்லை. என் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நடந்தேன். ஓடினால் அது பயந்துவிடும் என்று நடந்தேன்.